மயில்கழுத்தும் பால்வெள்ளைப் பத்ராவும்

சகாயராணிக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள், தையல் மிஷினை ஓட்டுவாள். அன்றைக்கு அவள் மிதித்த மிதியில் கீழ் ரூமில் அடுக்கியிருந்த தட்டெல்லாம் கிடுகிடுத்தன. மேலே என்ன கூத்து என்று அவள் வீட்டுக்காரர் மரியஅந்தோணி இரும்பு ஏணியில் பாதி ஏறி எட்டிப் பார்த்தார். மிஷினில் துணியே இல்லை. வெறும் மிஷினைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். மனுஷர் வந்த வழியே இறங்கிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த அளவுக்காவது விவரம் வந்திருந்தது.

தாராவி கிராஸ் ரோட்டுக்கு உள்ளே, எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டிய சந்தில் அவர்கள் வீடு. கீழே ஒரு ரூம், மேலே ஒரு ரூம், அதற்கு மேல் இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் சிமெண்ட் பத்ரா. கூரைத் தகடு எதுவானாலும் இங்கே அதற்குப் பத்ரா என்றுதான் பெயர். திசையன்விளையிலிருந்து தாலி கட்டிக்கொண்டு வந்த சகாயராணி அந்தச் சொல்லை முதல் மழைக்காலத்திலேயே கற்றுக்கொண்டாள், ஒழுகினால் கற்றுக்கொள்ளத்தானே வேண்டும்.

மேல் ரூமில்தான் அவள் தொழில். சேலையின் கீழ் ஓரத்தில் உள்பக்கமாகப் பட்டைத் துணி வைத்து ஃபால்ஸ் அடிப்பாள், ஓரம் பிரியாமல் பீக்கோ போடுவாள். கேட்பதற்குச் சின்ன வேலை. மரியஅந்தோணி விக்ரோலியில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை பார்க்கிறார். அவர் சம்பளத்தில் வீடு ஓடியது, இவள் மிஷினில் பையன் சாஜன் படித்தான். இன்றைக்கு அவன் டோம்பிவிலியில் ஃப்ளாட் வாங்கி, பால்கனியில் செடி வளர்க்கிறான்.

அந்த மேல் ரூமுக்கு இருந்தது ஒரே ஒரு ஜன்னல். பொங்கல் கழிந்த கையோடு பக்கத்து வீட்டார் தங்கள் வீட்டை இன்னொரு மாடி உயர்த்தினார்கள். போய்ச் சண்டை போடவும் வழியில்லை, இவர்களும் ஒரு காலத்தில் அப்படி உயர்த்தியவர்கள்தான். இப்போது ஜன்னலைத் திறந்தால் கை தொடும் தூரத்தில் பூசாத செங்கல் சுவர். பட்டப்பகலிலும் டியூப்லைட் எரிய வேண்டும்.

டியூப்லைட்டில் தைக்கலாம். அதில் சேலைக்கு நூல் தேர்ந்தெடுக்கத்தான் முடியாது. கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும், அரக்கு எது மெரூன் எது என்று பிடிபடாது. சேலை கட்டுகிறவர்களுக்குத் தெரியும், கலருக்குப் பொருந்தாத நூல் ஓரத்தில் ஓடினால் எவ்வளவு உயர்ந்த பட்டானாலும் மட்டமாகிவிடும்.

அப்படித்தான் மாட்டுங்கா விசாலாக்ஷி மாமியின் மயில்கழுத்துப் பட்டு அவளிடம் மாட்டிக்கொண்டது. மாமி பாலக்காட்டுக் குடும்பம், பேங்க் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், வருஷக்கணக்காக இவளைத் தவிர வேறு யாரிடமும் சேலை கொடுக்காதவர். மயில்கழுத்து என்பது நீலமுமில்லை, பச்சையுமில்லை. இரண்டு கலர் நூலும் ஊடும் பாவுமாக நெய்தது, திருப்பினால் ஒன்று, மடித்தால் இன்னொன்று. டியூப்லைட்டுக்கு அந்த நுணுக்கமெல்லாம் தெரியுமா? நீலம் என்று சொல்லியது. சகாயராணியும் நம்பி நீல நூலைக் கோத்துவிட்டாள்.

மாமி சேலையைப் பால்கனியில் விரித்தபோது அந்த நீலம் ஓரம் முழுக்கக் கோடு கிழித்த மாதிரி தெரிந்தது.

"ராணி, இங்க வந்து வெளிச்சத்துல பாரேன்" என்றார் மாமி. குரலில் கோபமே இல்லை. "நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே. வைகாசியில என் பொண்ணு ஹரிதாவுக்குக் கல்யாணம் வரது. முகூர்த்தப் புடவை, நலங்குப் புடவை, சம்பந்தியாத்துக்குக் கொடுக்கறதுன்னு ஒரு அலமாரி நிறைய வாங்கி வெச்சிருக்கேன். எல்லாம் உனக்குன்னுதான் இருந்தேன். இப்போ எனக்கே கொஞ்சம் பயமா இருக்கு."

"இதப் பிரிச்சு நான் வேற நூல் போட்டுக் கொண்டாறேன் மாமி."

"கொண்டா. பாத்துட்டுச் சொல்றேன்."

அந்தப் 'பாத்துட்டுச் சொல்றேன்' தான் அவளைச் சுட்டது. மாமி நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கல்யாணப் புடவை கை மாறிப்போனால் மாட்டுங்காவில் அந்தக் கட்டடம் முழுக்கக் கை மாறும் என்பது அவளுக்குத் தெரியும். சகாயராணிக்குக் கண் போய்விட்டது என்று யாராவது ஒருத்தி சொல்லுவாள், மற்றவர்கள் பாவம் என்பார்கள், அத்தோடு முடிந்தது தொழில். வீட்டுக்கு வந்துதான் அந்த வெறும் மிஷினை அப்படி மிதித்தாள்.

மறுநாளிலிருந்து வெளிச்சத்தைத் தேடி அலைந்தாள். சந்தில் நின்று பார்த்தால் தலைக்கு மேலே வீட்டுக்கு வீடு கட்டிய நீலத் தார்ப்பாய், அதன் கீழே சேலை என்ன, பார்க்கிற ஆள் முகமே நீலம். மெயின் ரோட்டுக்குப் போய்ச் சேலையைப் பிரித்தாள். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான், டீக்கடையிலிருந்து கரிப்புகை வந்தது. சந்து முனையில் காய்கறி விற்கும் முருகம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"எக்கா, சேலைய தெனமும் வாக்கிங் கூட்டிட்டுப் போறியளே, அதுக்கும் சுகரா?"

சகாயராணிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் மரியஅந்தோணி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"கூரையத் தொறக்கப்போறேன். மிஷினுக்கு நேர் மேல ஒரு பத்ராவ எடுத்துட்டு வெளிச்சம் வாற பத்ரா போடணும்."

மரியஅந்தோணி நல்ல மனுஷர்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் எதையும் பிரிக்கவும் மாட்டார், திறக்கவும் மாட்டார். அவர் வீட்டில் டிவி ரிமோட் இன்றைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் வந்த அன்று கதவில் ஒட்டியிருந்த தாள் ஒட்டியபடியே கிடக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் உறை சரசரக்கும். புதுசு புதுசாகவே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்படிப்பட்டவரிடம் கூரையைத் திறப்பதாகச் சொன்னால் என்ன சொல்வார்?

"ஏளா, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? ஆள் ஆளா வந்து வீட்ட அளந்துட்டுப் போறான். இடிச்சு பில்டிங் கட்டப்போறானாம். இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்கு நல்ல பத்ரா? காலிபீலி காசு தண்டம்."

"எப்போ இடிக்கான்?"

"அது யாருக்குத் தெரியும்?"

"தெரிஞ்சதும் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இருட்டுக்குள்ள உக்காந்து ஊரான் சேலையக் கெடுத்துக்கிட்டு இருக்கணுமா?"

அவர் சாஜனுக்கு போன் போட்டு இவள் கையில் கொடுத்துப் பார்த்தார். அவன் பங்குக்கு, "பேசாம இங்க வந்துருங்கம்மா, பால்கனியில உக்காந்து கவலையில்லாம பிந்தாஸா தைக்கலாம்" என்றான். "மாட்டுங்கா மாமியெல்லாம் சேலையத் தூக்கிக்கிட்டு டோம்பிவிலி லோக்கல் டிரெயின்ல தொங்கிக்கிட்டு வருவாவளாடே?" என்று இவள் கேட்டாள். பேச்சு அதோடு நின்றது.

பத்ரா வேலைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் கூப்பிடுவது ஜாபெஸை. மழைக்கு முன்னால் அவனைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. பிடித்துக்கொண்டு வந்து மேலே காட்டினாள். அவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஃபைபர் பத்ரா ஒன்று தன்னிடமே கிடப்பதாகவும், மலிவு என்றும், நாளைக்கே போட்டுவிடலாம் என்றும் சொன்னான்.

"நீ போட்டுக் கொஞ்ச வருசம் ஆன ஃபைபர் பத்ரா எங்கயாவது இருக்கா? அதக் காட்டு மொதல்ல" என்றாள் சகாயராணி.

அவன் தன் சித்தி வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனான். போட்டபோது தண்ணீர் மாதிரி இருந்ததாம். இப்போது அது பழைய எண்ணெய்ச் சட்டி நிறத்தில் இருந்தது, மேற்பரப்பில் நாரெல்லாம் எழும்பி அழுக்குப் பிடித்துக் கிடந்தது. சித்தியின் வெள்ளைச் சேலை அந்த வெளிச்சத்தில் மஞ்சள் தோய்த்தது போலிருந்தது. சித்தி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுச் சகாயராணி எழுந்தாள்.

"இது எனக்கு ஆவாது ஜாபெஸ். நானே பாத்து வாங்கிட்டு வாறேன். நீ மாட்டிக் குடு."

"எக்கா, அவனவன் கூரைக்கு மேல பத்ரா இருந்தாப் போதும்னு இருக்கான். நீங்க பொண்ணு பாக்குற மாதிரி பாக்கியளே."

"பொண்ணுன்னா கட்டிக்கிட்டுப் போறவன் பாடு. இதுக்குக் கீழ நான்லா உக்காரணும்."

வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தாள். பத்ராவுக்குப் பத்ரா அலை மாறும். புதுசின் மேடு பள்ளம் பழசோடு பொருந்தாவிட்டால் இடுக்கு வழியே மழை கொட்டும் என்று ஜாபெஸ் சொல்லியிருந்தான். அவள் ஸ்டூலில் ஏறி, ஒரு அட்டையைக் கூரை ஓரத்தில் வைத்து அலையை அப்படியே வரைந்து, ஜாக்கெட்டுக்கு அளவு வெட்டுகிற மாதிரி வெட்டி எடுத்துக்கொண்டாள். பையில் அந்த அட்டை, நூல்கண்டு டப்பா, மடித்த மயில்கழுத்து. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து நேரே மரியஅந்தோணியையும் இழுத்துக்கொண்டு குர்லா பக்கம் பத்ராக் கடைகளுக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் அவர் முனகிக்கொண்டே வந்தார்.

முதல் இரண்டு கடையில் அட்டை பொருந்தவில்லை. மூன்றாவது கடையில் பொருந்தியது. கடைக்காரர் பாலிகார்பனேட் பத்ராக்களை வரிசையாக எடுத்து வைத்து, "கௌன்சா கலர் பாபி?" என்று எந்தக் கலர் வேண்டுமெனக் கேட்டார்.

"கலரே நஹி சாஹியே" என்றாள் சகாயராணி.

கலரே வேண்டாம் என்று சொல்லி அந்த மனிதர் யாரையும் பார்த்ததில்லை போலிருக்கிறது. எல்லோரும் நீலம்தான் கேட்பார்கள், பார்க்க ஜோராக இருக்கும் என்றார். இவள் துண்டு துண்டு சாம்பிளாக வாங்கி, கடைக்கு வெளியே வெயிலில் மரியஅந்தோணியைப் பிடிக்கச் சொல்லி, அதன் கீழே சேலையைப் பிடித்துப் பார்த்தாள். நீலத்தின் கீழே சேலையின் பச்சை செத்துப்போனது. பச்சையின் கீழே நீலம் காணாமல் போனது. காப்பிக்கலர் ஒன்று இருந்தது, அதன் கீழே எல்லாமே காப்பிதான். கண்ணாடி மாதிரித் தெளிந்த சாம்பிளில் கலர் உள்ளபடி தெரிந்தது, ஆனால் வெயில் நேரே பாய்ந்து பட்டின் மேல் சுள்ளென்று விழுந்தது. இதன் கீழே சேலையைப் போட்டுவிட்டு மதியம் தூங்கினால் எழுந்திருக்கும்போது பட்டு வெளுத்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கடைசியில் பால்வெள்ளை. வெளிச்சம் கொஞ்சம் குறைவு, ஆனால் எங்கும் ஒரே சீராக இறங்கியது, நிழல்கூடத் தடித்து விழவில்லை. சேலையைத் திருப்பினாள், பச்சை. மடித்தாள், நீலம். இரண்டும் தெரிந்தன.

"இது" என்றாள்.

"பூரா நேரமும் நான் கையத் தூக்கிக்கிட்டு நின்னதுக்கு இதுதானா? பாக்க ஒண்ணுமே இல்லையே" என்றார் மரியஅந்தோணி.

"ஒண்ணும் இல்லாததுதான் எனக்கு வேணும்."

கடைக்காரர் முழுப் பத்ராவை எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி சுருட்டிக் கட்டும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு பக்கம்தான் வெயிலைத் தாங்குகிற பூச்சு உண்டு, எழுத்து இருக்கிற பக்கம் மேலே வரவேண்டும், மாற்றிப் போட்டால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். எழுத்து மேலே, எழுத்து மேலே என்று சகாயராணி ஜெபம் மாதிரி மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

போடுகிற அன்று ஏணிக்கு மேலே போட்டால் சுலபம் என்றான் ஜாபெஸ். மிஷினுக்கு நேர் மேலே, வடக்குச் சரிவில்தான் போட வேண்டும் என்று இவள் நின்றுவிட்டாள். வடக்குச் சரிவில் வெயில் நேராக விழாது. ஓரத்தைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிடட்டுமா என்றான். கூடாது, ரப்பர் வாஷர் வைத்து போல்ட் மட்டும் போடு என்றாள். "எழுத்து மேல இருக்கா ஜாபெஸ்?" என்று கீழேயிருந்து அவனைக் கேட்டுக் கேட்டே அறுத்துவிட்டாள். இருக்கு எக்கா, இருக்கு எக்கா என்று அவனும் சலிக்காமல் சொன்னான். அவளுக்கு ஒரு புடவை அவசரமாகக் கொடுக்க வேண்டியிருந்ததால் நடுவில் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வந்தாள்.

வந்து பார்த்தால் கூரையில் வெளிச்சம். டியூப்லைட்டை அணைத்தாள்.  மயில்கழுத்தை எடுத்து மிஷின் மேல் விரித்தாள்.

நீலம். வெறும் நீலம்.

திருப்பினாள், மடித்தாள், உதறினாள். பச்சை வரவேயில்லை. அவளுக்கு முட்டிக்கொண்டு அழுகை வந்தது. சாம்பிள் ஒன்று காட்டி, சரக்கு வேறு கட்டிவிட்டானோ? இல்லை, உண்மையிலேயே தன் கண்தான் போய்விட்டதோ? இரண்டாவது எண்ணம் வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். மரியஅந்தோணி பக்கத்தில் வந்து நின்றார். "நான் அப்பவே சொன்னேன்லா" என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிவிட்டார்.

அப்போது மேலே படபடவென்று ஏதோ அடித்தது. காற்று வீசியது. சேலையின் மேல் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சக் கோடு ஒன்று விழுந்தது, போனது, மறுபடி விழுந்தது. அந்தக் கோட்டுக்குள்ளே மட்டும் பச்சை இருந்தது. சகாயராணி அசையாமல் அந்தக் கோட்டையே பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கினாள். பத்ராவின் ஓரத்தில் தாள் மாதிரி ஒன்று எழும்பி எழும்பிப் படிந்தது. அதில் தலைகீழாக எழுத்துத் தெரிந்தது.

"இது என்னது, பத்ரா மேல தாளு ஒட்டியிருக்கு?"

மரியஅந்தோணி தொண்டையைச் செருமினார். "அது கம்பெனியிலயே ஒட்டின நீலத் தாளு. ஜாபெஸ் பிய்க்கப் போனான். நான்தான் விடலை. புது சாமான்லா? கீறல் விழாம இருக்கட்டும்னு சொன்னேன். நீயும்தான எழுத்து மேல இருக்கணும், எழுத்து மேல இருக்கணும்னு கத்திக்கிட்டே இருந்த?"

 அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எழுத்து பத்ராவில் இருக்கிறது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். எந்தப் பக்கம் மேலே என்று காட்டத்தான் அந்தத் தாள், போட்டதும் உரித்துவிட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வெயிலில் இன்னும் கொஞ்ச நாள் கிடந்திருந்தால் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"ஜாபெஸுக்குப் போன் போடுதேன்" என்றார்.

"வேண்டாம்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளி ஏணியில் ஏறினாள். சிமெண்ட் பத்ராவில் கால் வைத்தால் பொளபொளவென்று உடையும், அதனால் ஜாபெஸ் விட்டுப்போன பலகையைக் குறுக்கே போட்டு அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். பக்கத்து மாடி ஜன்னலிலிருந்து யாரோ வேடிக்கை பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். எழும்பிய மூலையை நகத்தால் பிடித்துக் கிழித்தாள். சர்ரென்று வந்தது. போல்ட்டுக்கு அடியில் மாட்டிய இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். நீலத் தாள் கையோடு வந்து காற்றில் பறந்தது. அதன் கீழே பால்வெள்ளை, கடையில் பார்த்த அதே பால்வெள்ளை.

"இப்ப சேலையப் பாருங்க" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தாள். "என்ன கலர் தெரியுது?"

 மரியஅந்தோணிக்கு வாழ்நாள் முழுக்கக் கலர் என்றால் சிவப்பு, நீலம், வெள்ளை. அதற்கு மேல் அவரிடம் யாரும் கேட்டதில்லை. கீழே சேலையைத் தூக்குகிற சத்தம், மடிக்கிற சத்தம் கேட்டது.

"ஏளா" என்றார். "இது நீலம்னுலா நெனச்சேன். இந்தப் பக்கம் திருப்பினா பச்சையா வருது. பொறவு நீலம் வருது. இதத்தான் மயில்கழுத்துங்கியளோ?"

பலகையில் படுத்தபடியே சகாயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் தூசியில்லை.

அந்த வெளிச்சத்தில் நூல்கண்டு டப்பாவைக் கொட்டி, கரும்பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு கண்டைக் கண்டுபிடித்தாள். பழைய தையலைப் பிரித்தாள், அடித்தாள், இஸ்திரி போட்டு மறுநாளே மாட்டுங்காவுக்குக் கொண்டுபோனாள். விசாலாக்ஷி மாமி பால்கனியில் விரித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். பாதி தூரம் போய்விட்டுத் திரும்பவும் முதலிலிருந்து வந்தார்.

"ராணி, நூல் எங்க போயிருக்குன்னே தெரியலையேடி" என்றார். பிறகு உள்ளே போய் அலமாரியைத் திறந்தார். சகாயராணி வீடு திரும்ப டாக்சி பிடிக்க வேண்டியதாயிற்று, அவ்வளவு மூட்டை.

சந்து முனையில் மரியஅந்தோணி காத்திருந்து மூட்டைகளை வாங்கிக்கொண்டார். முருகம்மாள் தராசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இடிக்கப்போற வீட்டுக்குப் போயி இவ்வளவு செலவழிச்சு கூரையில வெள்ளப் பத்ரா போட்டியளாமே? நாளைக்கு மிஷின் கொண்டாந்து இடிச்சான்னா?"

சகாயராணி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மரியஅந்தோணி மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டு சொன்னார்.

"சிமெண்ட் ஒண்ணும் பூசலை முருகம்மா, எல்லாம் வெறும் போல்ட்டுதான். இடிக்க வாறவன் வரட்டும். எங்க வெளிச்சத்த நாங்க கழட்டி எடுத்துக்கிட்டுப் போவோம்."